எக்கிய வயிறுகள்

போன வாரம், பெரிய ஆர்டர் கிடைத்த பூரிப்பில் டெய்லரம்மா தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு படுக்கப் போனாள். முப்பது பெண் பிள்ளைகளுக்கு மேடை உடுப்பு. பள்ளிகளுக்கு இடையே நடக்கும் நடனப் போட்டி. ஆர்டரை வாங்கிக் கொடுத்தது அவளுடைய நாத்தனார்தான், அந்தப் பள்ளியின் டான்ஸ் டீச்சர்.

அந்தப் பூரிப்பு மறுநாள் காலை பத்தரை மணி வரைக்கும்தான் தாங்கியது.

பத்தரைக்கு அவள் பள்ளியின் டான்ஸ் ஹாலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் டேப், காதில் பென்சில், மடியில் அளவு நோட்டு. எதிரே முப்பது பிள்ளைகள் வரிசையாக. சுவரில் ஒரு நீளமான பேனர்: 'மனம் மலரும் நடனம்'. கீழே மஞ்சள் வட்டத்தில் சிரிக்கும் முகங்கள்.

பேனரில் பொய் ஒன்றும் இல்லை, ஆரம்பத்தில். போன வருடம் பரீட்சை பயத்தில் பிள்ளைகள் காய்ச்சலில் விழுவதும், கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுவதுமாக இருந்தபோது, படிப்புக்கு நடுவே மனசு லேசாகட்டும் என்றுதான் இந்த வகுப்பு வந்தது. யாரும் எப்படியும் ஆடலாம். தப்பு என்று ஒன்றே கிடையாது. டெய்லரம்மாவின் மகள் தும்பி, நகத்தை ரத்தம் வரும்வரை கடிக்கிற பிள்ளை, இரண்டே மாதத்தில் கடிப்பதை விட்டாள். பாத்திரம் துலக்கும்போதுகூட இடுப்பை ஆட்டிக்கொண்டு திரிந்தாள். நாத்தனாரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது டெய்லரம்மாவுக்கு.

அப்புறம்தான் போட்டி வந்தது.

முதல் பிள்ளை முன்னால் வந்து நின்றாள். உயரம், தோள், கை நீளம் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. டேப் இடுப்பைச் சுற்றியதும் அந்தப் பிள்ளை 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே எக்கினாள். முதுகுத்தண்டோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு எக்கு.

"மூச்சை விடு கண்ணு. இப்படி அளவெடுத்தா மேடையில உடுப்பு டப்புனு தெறிச்சிடும்," என்று டெய்லரம்மா சிரித்தாள்.

பிள்ளை சிரிக்கவில்லை. மூச்சையும் விடவில்லை.

இரண்டாவது பிள்ளையும் எக்கினாள். மூன்றாவது பிள்ளை, "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க ஆன்ட்டி," என்றாள். நாலாவது பிள்ளை காதோரம் குனிந்து, "நம்பரைச் சத்தமா சொல்லாதீங்க, ப்ளீஸ்," என்றாள்.

இருபது வருடமாக அளவெடுக்கிறவள் டெய்லரம்மா. கல்யாணப் பெண்கள் எக்குவார்கள். நாற்பது வயதுக்காரிகள் எக்குவார்கள், எக்கிவிட்டு அசடு வழியவும் செய்வார்கள். பத்து வயதுப் பிள்ளை எக்கி அவள் பார்த்ததில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் இடுப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியக்கூடாது.

இன்னொன்றும் உறுத்தியது. இதே பிள்ளைகளுக்கு மூன்று மாதம் முன்னால், பயிற்சி உடுப்பு தைக்க, ஒரு தடவை அளவெடுத்திருந்தாள். நோட்டின் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். உயரம் எல்லோருக்கும் ஏறியிருந்தது. இடுப்பு பாதிப் பேருக்கு இறங்கியிருந்தது. வளர்கிற பிள்ளைக்கு அளவு ஏறும், மடித்துத் தைத்ததைப் பிரித்து விடச்சொல்லித் தாய்மார்கள் வருவார்கள். இறங்கி அவள் கண்டதில்லை.

ஹாலின் மூலையில் நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை ஆட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் டெய்லரம்மாவிடமிருந்து விலகும்போது திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனது.

பதினேழாவதாகத் தும்பி வந்தாள்.

பெற்ற தாய். குளிப்பாட்டிவிட்டவள், மருந்து தடவிவிட்டவள். அவள் கையிலிருந்த டேப் இடுப்பைத் தொட்டதும் தும்பியும் வயிற்றை எக்கினாள்.

"ஏய், நான் அம்மாடி. என்கிட்டயுமா?"

"அத்தை பாக்கறாங்கம்மா," என்றாள் தும்பி, உதடு அசையாமல். "சீக்கிரம் எடு. ரொம்ப நேரம் புடிச்சு வைக்க முடியல."

டெய்லரம்மா டேப்பைத் தளர விட்டாள். நம்பரைப் பார்க்கவில்லை. கண்ணால் மதிப்பிட்டு ஏதோ ஒன்றைக் குறித்துக்கொண்டாள்.

இருபத்திரண்டாவது பிள்ளை ரெட்டைப் பின்னல்காரி. நடனத்தில் நடு இடம் அவளுக்குத்தான். டேப்பைச் சுற்றும்போதே அவள் உடம்பு லேசாக ஆடியது. டெய்லரம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் பிள்ளையின் கண் மேலே சொருகி, அப்படியே அவள் தோளில் சரிந்தது. கனமே இல்லை. நனைந்த துணி விழுந்த மாதிரி விழுந்தது.

"ஐயோ, தண்ணி! யாராவது தண்ணி கொண்டாங்க!"

நாத்தனார் எழுந்து வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். "ஒண்ணும் இல்ல, புழுக்கம். உள்ரூம்ல படுக்க வை. மத்தவங்க வரிசை கலையாதீங்க."

பள்ளி ஆயா ஓடி வந்து பிள்ளையை வாரித் தூக்கினாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் பிள்ளை கண்ணைத் திறந்தது. வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எனக்கு எவ்வளவு வந்துச்சு?"

ஆயா டெய்லரம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க தும்பியோட அம்மாதானே? ஒரு நிமிஷம் என்கூட வாங்க. நானும் யார்கிட்டயாவது சொல்லணும்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஹாலின் பின்பக்கம், குழாயடியைத் தாண்டி இரண்டு பெரிய குப்பை டிரம்கள். பத்தடி தூரத்திலேயே நாற்றம் மூக்கில் அறைந்தது. ஆயா மூடியைத் திறந்தாள்.

ஈக்கள் குப்பென்று எழும்பின. உள்ளே முழுக்கச் சாப்பாடு. ஊசிப்போய் நுரைத்த சோறு, நீர்விட்ட காய், பூசணம் பூத்த ரொட்டி. இரண்டு மூன்று நாள் சாப்பாடு ஒன்றன்மேல் ஒன்றாகப் புளித்துக் கிடந்தது. ஓரத்தில் புழு நெளிந்தது.

"மத்தியானம் பெல் அடிச்சதும் வரிசையா வந்து கொட்டிட்டு, டப்பாவைக் குழாயில கழுவிட்டுப் போயிடுதுங்கம்மா. டான்ஸ் பிள்ளைங்க எல்லாம். கேட்டா, வயிறு வலிங்கறாங்க. முப்பது பேருக்கும் ஒரே நாள்ல வயிறு வலிக்குமா? இங்க காக்காதான் கொழுத்துக் கிடக்கு."

டெய்லரம்மாவின் கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நாலாக வகுந்து மிளகு தூவின முட்டை. காரட்டை அரைவட்டமாகச் சீவி முட்டையைச் சுற்றி அடுக்குவது அவள் வழக்கம், தும்பிக்குப் பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று. மூன்று முட்டைகள் தெரிந்தன. ஒன்று நேற்றையது. மற்ற இரண்டும் பச்சை பிடித்திருந்தன.

கழுவித் துடைத்த டப்பா தினமும் வீட்டுக்கு வந்தபோது, 'என் பொண்ணு இப்பத்தான் ஒழுங்கா சாப்பிடறா' என்று அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொண்டவள் அவள்.

குழாயடியில் குனிந்து காலையில் குடித்த காபி முழுவதையும் வெளியே தள்ளினாள். ஆயா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெட்டைப் பின்னல்காரியைப் படுக்க வைத்திருந்த உள்ரூமுக்குத் திரும்பி வந்தாள். பிள்ளைகள் உடை மாற்றுகிற அறை அது, அவள் இதுவரை நுழைந்ததில்லை. பாயில் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் உட்காரப் போனவள் எதேச்சையாகச் சுவரைப் பார்த்தாள்.

ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சீட்டு. தன் சொந்தக் கையெழுத்து.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அவள் சுழிக்கிற சுழியும் கோணலான ஏழும் அப்படியே பெரிதாகச் சுவரில் நின்றன. மூன்று மாதம் முன்பு, "அந்த அளவு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பேன், துணி எவ்வளவு வாங்கணும்னு பாக்கறேன்," என்று நாத்தனார் கேட்டாள். அனுப்பினாள். அந்தப் பக்கம்தான். பெரிதாக்கி அச்செடுத்து, வரிவரியாக நறுக்கி இடுப்பளவு வரிசையில் ஒட்டி, பிள்ளைகளின் பெயருக்கு எதிரே இடுப்பளவை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு, நடுவே தடியாக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே 'முன்வரிசை'. கீழே 'பின்வரிசை'. அளவு குறைந்த பிள்ளைகளுக்குப் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதி, பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர். பேனரில் இருந்த அதே சிரிக்கும் முகம்.

தும்பியின் பெயர் கோட்டுக்குக் கீழே இருந்தது. ஸ்டிக்கர் இல்லை.

தன் கை எழுதின எண்கள். இந்தக் கையால்தான் முட்டையை வகுந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

பிறகு எட்டி அந்தச் சீட்டைச் சுவரிலிருந்து பிய்த்தாள். பசை காய்ந்து இறுகியிருந்ததால் சுண்ணாம்பும் சேர்ந்து உதிர்ந்தது.

"என்ன பண்றே?" வாசலில் நாத்தனார்.

"இது என்ன அண்ணி?"

"சார்ட். பிள்ளைங்களுக்கு ஒரு இலக்கு வேணும்ல."

"இலக்கா? பசியில மயங்கி விழுது ஒண்ணு. பின்னாடி டிரம்மைத் திறந்து பாத்தீங்களா? சாப்பாடு மொத்தமும் அங்கதான் கிடக்கு. புழு வச்சிருக்கு."

"நான் யாரையாவது சாப்பிடாதேன்னு சொன்னேனா? ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளு. ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். எண்ணை ஒட்டினேன், அவ்வளவுதான். மத்தது அதுங்களாவே பண்றது." நாத்தனாரின் குரலில் கோபம்கூட இல்லை. பாடம் நடத்துகிற குரல். "எண்ணும் என்னோடது இல்ல. நீ எழுதினது."

"துணி வாங்கத்தானே கேட்டீங்க!"

"துணியும் வாங்கினேன். ஏன் இப்படிக் குதிக்கறே? நானும் இப்படித்தான் ஆடிப் பழகினேன். எங்க டீச்சர் குச்சியால வயித்துல தட்டுவாங்க. நான் ஒருத்தியையும் தொட்டதில்ல. ஸ்டிக்கர் ஒட்டறேன், பாராட்டறேன்."

அதைச் சொல்லும்போது அவள் கை தன் வயிற்றைத் தடவிக்கொண்டதையும், அவளும் வயிற்றை எக்கியபடியே நிற்பதையும் டெய்லரம்மா கவனித்தாள். ஐம்பது வயதில் இன்னும் மூச்சை முழுசாக விடாத உடம்பு. பரிதாபப்பட வேண்டிய காட்சிதான். அவளுக்குப் பரிதாபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

சத்தம் கேட்டு பிரின்சிபால் வந்துவிட்டார். எப்போதும் தாழ்ந்த குரலில் பேசுகிற மனிதர். பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். டெய்லரம்மாவின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. அடுத்த வாரம் மாணவர் மனநலக் குழு நம்ம ஸ்கூலைப் பாக்க வருது. நம்ம டான்ஸ் கிளாஸைத்தான் முன்மாதிரியா எடுத்திருக்காங்க. பிள்ளைங்க சிரிச்ச முகமா இருக்கணும். இந்த நேரத்துல இப்படிச் சத்தம் போட்டா பிள்ளைங்க மனநிலை பாதிக்காதா?"

டெய்லரம்மா அவரையே பார்த்தாள். மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார் என்று தெரிந்தபோது, சீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அந்தக் காகிதத்தைக் குடுத்துட்டுப் போங்க," என்று கையை நீட்டினார்.

"இது என் எழுத்து சார். என்கிட்டயே இருக்கட்டும்." நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள். "உடுப்பு தைக்க மாட்டேன். முதல்ல இந்தப் பிள்ளைக்கு ஏதாவது குடிக்கக் குடுங்க. சர்க்கரை போட்டு."

தும்பியை அப்போதே கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினாள். செருப்புக்கடையைத் தாண்டும்போது தும்பி கேட்டாள்:

"அம்மா, சீட்டைக் கிழிச்சுட்டியாமே?"

"ஆமா."

"அப்ப என் நம்பர் குறைஞ்சா எனக்கு எப்படித் தெரியும்?"

டெய்லரம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்துத் திட்டிவிட்டுப் போனார். பிள்ளையை ஓரமாக இழுத்து அணைத்துக்கொண்டாள். அணைப்புக்குள்ளும் அந்தச் சின்ன வயிறு உள்ளே போவதை உணர்ந்தாள்.

சாயங்காலம் முதல் வேலையாக ரெட்டைப் பின்னல்காரியின் அம்மாவுக்குப் போன் போட்டாள். இரண்டு தாய்மார் சேர்ந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று கணக்கு. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வெயில்ல தலை சுத்திடுச்சுன்னாங்களே. இப்ப தூங்கறா," என்றாள் அந்த அம்மா. கொஞ்சம் தயங்கினாள். "நீங்க அளவெடுக்கறப்பதானே விழுந்தா? அளவு எடுத்து முடிச்சாச்சா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல, நடு இடம் போயிடாதே? அவ ரொம்ப ஆசைப்பட்டு வாங்கின இடம். நானும் ஒரு வாரமா ராத்திரி வெறும் பால்தான் குடுக்கறேன்."

டெய்லரம்மா போனை வைத்தாள். வைத்த கையைத் திரும்பவும் புடவையில் துடைத்துக்கொண்டாள். 'பிள்ளைக்கு உடனே சாப்பாடு குடுங்க, டாக்டர்கிட்டக் காட்டுங்க' என்று சொல்லாமல் வைத்துவிட்டோமே என்று பதறி மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்தாள்.

ஏழு மணிக்குக் கணவர் வந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அதிர்ந்து பேசாத ஆள். அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, இன்றைக்கும் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். சாப்பிட உட்கார்ந்ததும் டெய்லரம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். சீட்டை விரித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மகளின் பெயர் கோட்டுக்குக் கீழே இருப்பதையும் பார்த்தார்.

"அக்கா கொஞ்சம் கண்டிப்பு. ஆனா கெட்ட எண்ணம் இருக்காது," என்றார். "நான் பொறுமையா பேசிக்கறேன். ஊரைக் கூட்டாதே. நாளைக்கு முகத்துல முழிக்க வேணாமா?"

"உங்க பொண்ணு தட்டைப் பாருங்க முதல்ல."

தும்பி சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவே வட்டமாக இடம் காலியாகத் தெரியும்படி பரப்பியிருந்தாள். பார்க்கிறவருக்குப் பாதி சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஒரு பருக்கை வாய்க்குள் போகவில்லை.

"ஒரு வாய் சாப்பிடுடா செல்லம்," என்றார் அப்பா.

"சாப்பிட்டேனேப்பா." அதே தட்டைக் காட்டினாள். அழகாகச் சிரித்தாள். பேனரில் இருந்த சிரிப்பு.

அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. அக்கா. கை எச்சிலாக இருந்ததால் இடது கை விரலால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுக்கா."

"தம்பி, பதறாம கேளு. அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. மறுபடி மயங்கிட்டாளாம். அவ அப்பன் ஸ்கூலுக்கு வந்து நிக்கறான். உள்ரூம் சார்ட் பத்தி யாரோ அவன்கிட்ட சொல்லியிருக்காங்க. எழுதினது யாரு, ஒட்டினது யாருன்னு பிரின்சிபால் என்னை எழுதிக் குடுக்கச் சொன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"எழுத்து உன் பொண்டாட்டியோடது. அதை யாரும் மறுக்க முடியாது. ஒட்டினதும் அவதான்னு எழுதிக் குடுத்துட்டேன். அளவெடுக்க வந்தவ அவளா ஒட்டினா, எனக்குத் தெரியாதுன்னு."

டெய்லரம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யோசிச்சுப் பாருடா. அவ வெளியாள். அவளுக்கு என்ன போயிடப் போகுது? எனக்கு இருபது வருஷ வேலை. நாளைக்கு அவளைக் கூப்பிட்டுக் கேட்டா, 'ஆமா சார், தெரியாம ஒட்டிட்டேன்'னு ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சிடும். நீ எடுத்துச் சொன்னா கேப்பா. நான் உன்னைத் தூக்கி வளர்த்ததுக்கு இதைக்கூடச் செய்ய மாட்டியா?"

அவர் மனைவியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். முகம் வெளுத்து, ஏதோ அழுகினதைத் தெரியாமல் மென்றுவிட்டவர் மாதிரி வாய் கோணியது. தட்டைத் தள்ளி வைத்தார்.

தும்பி மெல்ல எழுந்து போன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பொய் சொல்றீங்க அத்தை," என்றாள். "நீங்கதான் ஒட்டினீங்க. நான்தானே பசை தடவிக் குடுத்தேன். என் பேரை நானே கோட்டுக்குக் கீழ வச்சு ஒட்டச் சொன்னீங்கள்ல."

"தம்பி," என்றாள் அக்கா கடைசியில். "ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே?"